ரீவைண்ட் செய்து தரவும்

கோடைச் சிறப்பிதழ் கேள்வி பதில். விண்வெளி, பேய், டைனோசர் வகையறாக் கேள்விகளுக்கு மட்டும். பதில் சொல்பவர் திருச்சியில் 17 வருடம் வீடியோ கேசட் வாடகைக்கடை வைத்திருந்தவர். அந்தக் கடைச் சுவரில் சிவப்பு மையில் எழுதி மாட்டியிருந்த வாசகம்தான் தலைப்பு.

எம்.கே., திண்டுக்கல்: நமக்குக் கோடைப் படம் என்றால் சித்திரை முதல் தேதியோடு வந்துவிடும். அமெரிக்காக்காரர்கள் மட்டும் ஏன் ஜூன், ஜூலையில் கொண்டுவந்து கொட்டுகிறார்கள்? அதற்குள் நம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறந்துவிடுகிறதே?

அவர்கள் கோடை வேறு, நம் கோடை வேறு. இங்கே கத்திரி வெயில் முடிகிற வாரத்தில்தான் அங்கே சீசன் தொடங்கும். மே மாதத்தின் கடைசித் திங்கட்கிழமை அவர்களுக்கு அரசு விடுமுறை. அங்கே ஆரம்பித்து செப்டம்பர் முதல் திங்கள் வரை ஓடும்.

ஒரு காலத்தில் கோடை வந்தால் அங்கே தியேட்டர்கள் ஈயடித்தன. அடைத்த கொட்டகையில் வெந்து சாக யார் காசு கொடுப்பார்கள்? 1925-ல் நியூயார்க் ரிவோலி தியேட்டரில் வில்லிஸ் கேரியர் என்கிற பொறியாளர் தன் குளிரூட்டும் இயந்திரத்தை மாட்டினார். மே மாதக் கடைசி, நல்ல வெயில். மிஷின் சூடு பிடிக்க, அதாவது குளிர் பிடிக்க, நேரமாகிவிட்டது. கையில் விசிறியோடு வந்த கூட்டம் விசிறிக்கொண்டே இருந்தது. பிறகு ஒவ்வொரு விசிறியாக மடிக்குப் போனது. அதைப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த கேரியருக்கு அப்போதுதான் உயிர் வந்ததாம். நம் ஊரிலும் போஸ்டரில் கதாநாயகன் பெயரைவிடக் கொட்டை எழுத்தில் 'குளுகுளு ஏ.சி.' என்று போட்ட காலம் உண்டு.

ஆனாலும் பெரிய படம் என்றால் கோடை என்று ஆனது 1975 ஜூன் 20-க்கு அப்புறம்தான். அன்றைக்கு வந்தது 'ஜாஸ்'. அமெரிக்கா, கனடா இரண்டிலும் சேர்த்து 464 தியேட்டர்களில் ஒரே நாளில் இறக்கினார்கள். அதற்கு முந்தைய நாட்களில் டிவி விளம்பரத்துக்கு மட்டும் ஏறக்குறைய 7 லட்சம் டாலர். கடற்கரைக்குப் போகிற சீசனில் கடலில் கால் வைக்காதே என்று ஒரு படம்! 55 நாளில் முடிக்க வேண்டிய படப்பிடிப்பு 159 நாள் இழுத்தது. காரணம், இயந்திரச் சுறா உப்புத்தண்ணீரில் படுத்துவிட்டது. அதனால்தான் பாதிப் படம் வரை சுறாவைக் காட்டவில்லை. படுத்துவிட்ட மிஷினை வைத்து இவ்வளவு பேரைப் பயமுறுத்தியவர் இயக்குநர் ஸ்பீல்பெர்க் ஒருவர்தான் என்று நினைக்கிறேன்.

எஸ். ஆர்., விருத்தாசலம்: பேய், வேற்றுக்கிரகவாசி. எது வந்தால் பயப்படுவீர்கள்?

பேய் நம் வீட்டு விலாசம் தெரிந்து வருகிறது. பேய்தான்.

கல்லூரி மாணவர், கும்பகோணம்: அண்ணா, எந்த வருடத்துக் கோடை உங்களுக்கு உசத்தி? என் நண்பர்கள் 2023 ஜூலையைச் சொல்கிறார்கள்.

தம்பி, 2023 ஜூலையில் ஒரே நாளில் இரண்டு பெரிய படம் மோதியதற்கே ஊர் உலகமெல்லாம் மீம் போட்டீர்கள். 1982-ஐக் கேளுங்கள்.

மே 21, அமெரிக்காவில் 'மேட் மேக்ஸ்' இரண்டாம் பாகம். ஜூன் 4, ஒரே நாளில் 'ஸ்டார் டிரெக்' இரண்டாவது படமும் 'போல்டர்கைஸ்ட்'டும். ஜூன் 11, 'இ.டி.'. ஜூன் 25, மறுபடியும் ஒரே நாளில் 'பிளேடு ரன்னர்', 'தி திங்'. ஜூலை 9, 'ட்ரான்'. சரியாக ஏழு வாரம். இந்த ஏழு வாரத்தை அறுத்து எடுத்துவிட்டால் அதற்குப் பிறகு நாற்பது வருடம் வந்த விண்வெளிப் படம், திகில் படம், வீடியோ கேம் எல்லாவற்றிலும் பாதி காணாமல் போகும்.

நான் அப்போது பிளஸ் டூ. இதில் ஒன்றைக்கூட அந்த வருடம் பார்க்கவில்லை. அந்தக் கோடை எனக்கு வந்து சேர்ந்தது ஐந்தாறு வருடம் கழித்து. சிங்கப்பூரிலிருந்து ஒரு மச்சான் பெட்டியில், சோப்பு, கோடாலித் தைலம் இவற்றுக்கு நடுவில் கேசட்டாக. ஆகவே எனக்கு எந்தப் படம் ஓடியது, எது படுத்தது என்கிற செய்தியே தெரியாது. எல்லாம் ஒரே விலை, ஒரு நாளைக்குப் பத்து ரூபாய். அதுவே நல்லதாகப் போயிற்று.

கடைக்காரனுக்கு மட்டும் தெரிந்த ஒரு ரகசியம் சொல்கிறேன். ஒரு கேசட்டை ஐம்பது, நூறு பேர் எடுத்துப் போன பிறகு டேப்பில் தேய்மானம் தெரியும். திரும்பத் திரும்ப நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி பார்த்த இடத்தில் வெள்ளைக் கோடு கோடாக விழும். ஒலி ஒரு நொடி அமுங்கும். கேசட் திரும்பி வந்ததும் நான் ஓட்டிப் பார்ப்பேன், டேப் கசங்கியிருக்கிறதா என்று. அப்படிப் பார்க்கும்போதே இந்த ஊர் எந்தக் காட்சியில் நின்றிருக்கிறது என்று புரிந்துவிடும். வசூல் கணக்கை யாரோ சொல்வார்கள். எனக்கு இந்தக் கோடுதான் கணக்கு.

'இ.டி.' அந்தக் கோடையில் எல்லாவற்றையும் முழுங்கிய படம். 1993 வரை உலகத்தில் அதைவிட வசூல் செய்த படம் கிடையாது. என் கடை கேசட்டில் கோடே இல்லை. குழந்தைகள் ஆரம்பத்திலிருந்து கடைசிவரை மூச்சுவிடாமல் பார்த்துவிட்டு, மறுநாள் அதே மாதிரி முழுசாகப் பார்த்திருக்கிறார்கள். எங்கும் நிறுத்தவில்லை. அதற்கு அது ஒரு பெருமை.

'தி திங்'குக்கு வருவோம். அண்டார்டிகாவில் ஒரு அமெரிக்க ஆராய்ச்சி முகாம். பனியில் ஒரு நாய் ஓடிவருகிறது, அதைச் சுட்டுக்கொண்டே ஒரு ஹெலிகாப்டர் துரத்துகிறது. நாயைக் காப்பாற்றி உள்ளே விடுகிறார்கள். அது நாய் இல்லை. யாரைத் தொடுகிறதோ அவராகவே மாறிவிடும் ஒன்று. பன்னிரண்டு ஆண்கள், வெளியே பனி, யார் மனிதன் என்று தெரியாது. இயக்குநர் ஜான் கார்ப்பெண்டருக்கு அப்போது 34 வயது. உருமாறும் பூதங்களைச் செய்த ராப் போட்டினுக்கு 22. கம்ப்யூட்டர் கிடையாது. ரப்பர், ரசாயனம், கம்பி. ராத்திரி பகலாக ஸ்டுடியோவிலேயே கிடந்து கடைசியில் ஆஸ்பத்திரியில் சேர்க்கும்படி ஆயிற்று. நாய்க்கூண்டுக் காட்சிக்கு ஸ்டான் வின்ஸ்டன் வந்து கை கொடுத்தார். இன்னொரு தமாஷ்: உள்ளே நடக்கும் காட்சிகள் எடுத்தது லாஸ் ஏஞ்சலஸ் கோடையில். வெளியே நூறு டிகிரிக்கு மேல் அனல், ஸ்டுடியோவுக்குள் ஏ.சி. போட்டு உறைய வைத்து, கம்பளிக் கோட்டுடன் நடிகர்கள். சாப்பாட்டு இடைவேளைக்கு வெளியே வந்தால் என்ன ஆகியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

ஒன்றரைக் கோடி டாலர் படம். விமர்சகர்கள் காறித் துப்பாத குறை. இரண்டு வாரத்துக்கு முன்புதான் 'இ.டி.'யில் வானத்திலிருந்து வந்த ஒரு செல்லக்குட்டியைப் பார்த்து நாடே கண்ணீர் விட்டிருந்தது. அந்த ஈரம் காய்வதற்குள் இது. படம் படுத்துவிட்டது.

என் கடையில் அதற்குப் பெயர் 'நாய்ப் படம்'. யாரும் ஆங்கிலத் தலைப்பைச் சொல்ல மாட்டார்கள். "அண்ணே, அந்த நாய்ப் படம் உள்ளே இருக்கா, வெளியே போயிருக்கா?" என்றுதான் கேட்பார்கள். கடைசியில் லேபிளிலேயே அப்படி எழுதிவிட்டேன். அந்த கேசட்டில் கோடு விழுந்த இடம் ஒன்றே ஒன்று. எல்லோருடைய ரத்தத்தையும் தனித்தனிக் கிண்ணத்தில் எடுத்து, சூடான கம்பியை ஒவ்வொன்றிலும் வைத்துச் சோதிக்கும் காட்சி. கம்பி ரத்தத்தில் படும்போது சுர்ர் என்கிற சத்தம், அடுத்தவர், மறுபடி சுர்ர், அடுத்தவர். நாலாவது வருடம் அந்த இடத்தில் படமே தெரியாது, வெறும் மழை. சத்தம் மட்டும் கேட்கும். அப்போதும் எடுத்துப் போனார்கள். பொருட்காட்சி பார்க்க வந்த லால்குடிக்காரர் ஒருவர் அந்த மழையை மட்டும் பார்த்துவிட்டு, "நல்ல வேளை தெரியலை" என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார்.

'ஸ்டார் டிரெக்'கின் இரண்டாவது படத்தில் வில்லன் பெயர் கான். டிவி தொடரில் 1967-லேயே வந்த பாத்திரம், வட இந்திய சீக்கியர் என்று கதை சொல்லும், நடித்தவர் மெக்சிகோக்காரர். அட்டையில் கான் என்று பார்த்து இந்திப் படம் என்று எடுத்துப்போன ஒருவர் மறுநாள் காலை ஏழு மணிக்கு என் வீட்டுக் கதவைத் தட்டினார். பணம் திருப்பிக் கேட்க இல்லை. "அந்தக் காது நீண்ட ஆள் நிஜமாவே செத்துட்டாரா?" என்று கேட்க.

'ட்ரான்' பற்றிச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை. அழகு இருக்கிறது, உயிர் இல்லை.

பள்ளி ஆசிரியை, பல்லடம்: 'பிளேடு ரன்னர்' படத்தில் கதாநாயகன் பின்னணியில் பேசிக்கொண்டே வரும் பதிப்பு, பேசாத பதிப்பு என்று இரண்டு உண்டாமே. எதைப் பார்ப்பது?

நிறையப் பதிப்பு உண்டு அம்மா. முக்கியமானவை மூன்று: 1982-ல் வந்தது, 1992-ல் இயக்குநர் பதிப்பு என்று வந்தது, 2007-ல் ரிட்லி ஸ்காட் தானே உட்கார்ந்து முடித்தது. விவரம் தெரிந்த எல்லோரும் மூன்றாவதைத்தான் சொல்வார்கள். அவர்கள் சொல்வது சரி. நீங்களும் அதையே பாருங்கள்.

ஆனால் எனக்குப் பிடித்தது முதலாவது. சிரிக்க வேண்டாம். ஹாரிசன் ஃபோர்டு வேண்டாவெறுப்பாகப் படித்த மாதிரி இருக்கும் அந்தப் பின்னணிக் குரல் இல்லாவிட்டால், என் அன்றைய ஆங்கிலத்துக்கு அந்தப் படத்தில் மழையைத் தவிர ஒன்றும் புரிந்திருக்காது. அரசுப் பள்ளித் தமிழ் மீடியத்துக்காரனுக்கு அந்தக் குரல் கோனார் நோட்ஸ். கடைசியில் காதலர்கள் பச்சை மலைவழியே காரில் போகிற ஒட்டுப்போட்ட முடிவு மட்டும் எனக்கும் பிடிக்காது. அந்த மலைக்காட்சிகூட ஸ்டான்லி குப்ரிக் தன் 'தி ஷைனிங்' படத்துக்கு எடுத்து மிச்சம் வைத்த பிலிம்தான். கடன் வாங்கிய சுபம்.

கதை நடப்பதாகச் சொன்ன 2019 நவம்பரும் வந்து போய்விட்டது. பறக்கும் கார் வரவில்லை. மூல நாவலை எழுதிய ஃபிலிப் கே. டிக் அந்தப் படம் வெளியாவதற்குக் கிட்டத்தட்ட நான்கு மாதம் முன்பு, 1982 மார்ச்சில், காலமானார். கொஞ்சம் காட்சிகளைப் போட்டுக் காட்டியிருந்தார்கள் என்பது ஒரு ஆறுதல்.

பெயர் வேண்டாம், கரூர்: நீங்கள் கடையில் வைத்திருந்ததெல்லாம் திருட்டு கேசட்தானே? உண்மையைச் சொல்லுங்கள்.

பெயரைச் சொல்லாதவருக்கு உண்மை வேண்டுமாம். சரி, பாதிக்கு மேல் அப்படித்தான். ஒரு ராத்திரி போலீஸ் வந்து முப்பது கேசட்டை அள்ளிக்கொண்டு போனது. மூன்றாம் நாள் அதில் ஒரு கேசட் என்ன படம் என்று விசாரித்து ஆள் வந்தது. நாய்ப் படம்.

வி., மயிலாடுதுறை: 'இ.டி.' கதை சத்யஜித் ராயிடமிருந்து எடுத்தது என்று என் மாமனார் அடித்துச் சொல்கிறார். நிஜமா?

மாமனாரோடு சண்டை போடாதீர்கள், அவர் கையில் பாதி சீட்டு இருக்கிறது.

ராய் 1962-ல் வங்காளத்தில் ஒரு சிறுகதை எழுதினார். கிராமத்து வாத்தியார் ஒருவர் வேற்றுக்கிரகவாசியைச் சந்திக்கிற கதை. அப்புறம் 1967-ல் 'தி ஏலியன்' என்று ஒரு திரைக்கதை எழுதினார். வங்காளக் கிராமத்துத் தாமரைக் குளத்தில் ஒரு விண்கலம் வந்து இறங்குகிறது. உள்ளே கெடுதல் நினைக்காத, விளையாட்டுப் பிள்ளை மாதிரி ஒரு ஜீவன். கொலம்பியா நிறுவனம் எடுப்பதாக இருந்தது, பீட்டர் செல்லர்ஸ் நடிப்பதாக இருந்தது, படம் கைகூடவில்லை. பிரதிகள் மட்டும் ஹாலிவுட்டில் கைமாறின. 'இ.டி.' வந்தபோது, இரண்டும் ஒத்துப்போவதை ராயிடம் முதலில் எடுத்துச் சொன்னவர்களில் ஒருவர் கொழும்பில் வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க். ராய் தன் பிரதி இல்லாமல் அது வந்திருக்காது என்றார். 'இ.டி.'யை எடுத்த ஸ்பீல்பெர்க் மறுத்தார். வழக்கு எதுவும் போடப்படவில்லை.

என் கட்சியைக் கேட்டால்: நல்ல மனம் படைத்த விருந்தாளி என்கிற எண்ணம் ராய்க்கு முந்தியது. ஆனால் 'இ.டி.'யின் மனசு, அப்பா விட்டுப்போன வீட்டில் தனியாக இருக்கும் ஒரு பையன். அது ராயிடம் இல்லை. அந்தக் குளத்துப் படத்தை யாராவது எடுத்திருக்க வேண்டும். எனக்கு அந்த வருத்தம்தான்.

இரண்டு பிள்ளைகளின் தாய், நாகர்கோவில்: பத்து வயசுப் பையனுக்குப் பயப்படம் காட்டலாமா? சென்சார் சான்றிதழை நம்பலாமா?

'போல்டர்கைஸ்ட்' படத்தில் ஒரு ஆள் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே தன் முகத்தைப் பிய்த்து எடுப்பார். அதற்கு அமெரிக்காவில் முதலில் பெரியவர்கள் துணையோடு மட்டும் என்று சான்றிதழ் கொடுத்து, மேல்முறையீட்டில் பிள்ளைகள் பார்க்கலாம் என்று மாற்றிவிட்டார்கள். அவ்வளவுதான் சான்றிதழின் லட்சணம்.

1984 கோடையில் 'கிரெம்லின்ஸ்', 'இந்தியானா ஜோன்ஸ்' இரண்டாம் படம் இரண்டுக்கும் பெற்றோர்கள் கொதித்துப்போய்த்தான், 13 வயதுக்குக் கீழே இருந்தால் யோசித்துக் காட்டுங்கள் என்று ஒரு நடுத்தரச் சான்றிதழை அந்த ஜூலையில் உண்டாக்கினார்கள். அந்த இந்தியானா ஜோன்ஸ் படத்தில் இந்தியா என்று காட்டுவது இலங்கைக் கண்டிப் பக்கம். இங்கே அனுமதி கிடைக்கவில்லை. குரங்கு மூளை விருந்துக் காட்சியைப் பார்த்தால், கொடுக்காதது சரிதான் என்று தோன்றும்.

பையனுக்கு 'ஜாஸ்' காட்டுங்கள். நாகர்கோவிலில் இருக்கிறீர்கள், ஒரு மாதம் கடலில் இறங்க மாட்டான். அது ஒரு வசதி.

டி.பி., ஈரோடு: இப்போது வரும் டைனோசர் படங்களில் நூறு டைனோசர் ஓடுகிறது. ஒன்றும் தோன்றவில்லை. எனக்கு வயதாகிவிட்டதா?

வயதும் ஆகியிருக்கும். ஆனால் தப்பு உங்கள் மேல் இல்லை.

1993-ல் வந்த 'ஜுராசிக் பார்க்' 127 நிமிடம். அதில் டைனோசர் கண்ணுக்குத் தெரிவது ஏறக்குறைய 15 நிமிடம். அதிலும் கம்ப்யூட்டரில் வரைந்தது பாதிகூட இல்லை, மற்றதெல்லாம் ஸ்டான் வின்ஸ்டன் பட்டறையில் செய்த நிஜ பொம்மை. மழையில் டி-ரெக்ஸ் வரும் காட்சியில் ரப்பர் தோல் தண்ணீரைக் குடித்து ஊறி, அந்த ராட்சதப் பொம்மை குளிர்காய்ச்சல் வந்த மாதிரி நடுங்கியது. ஒவ்வொரு ஷாட்டுக்கும் நடுவே ஆட்கள் துண்டை வைத்துத் துவட்டினார்கள். டைனோசருக்குத் தலை துவட்டிவிட்ட வேலை! சம்பளத்தோடு யாராவது கொடுத்தால் இன்றைக்கும் போவேன்.

அது வருவதற்கு முன்னால் கார் டாஷ்போர்டில் தண்ணீர்க் கோப்பையில் வட்டம் வட்டமாக அலை எழும். அதற்காக அடியில் ஒரு கிடார் கம்பியைக் கட்டி, ஒருவர் படுத்துக்கொண்டு மீட்டினார். என் கேசட்டில் கோடு விழுந்தது அங்கேதான். டைனோசர் மேல் இல்லை, தண்ணீர் மேல். நூறு டைனோசர் விடுகிறவர்கள் அந்தக் கோப்பையை வைக்க மறந்துவிடுகிறார்கள். 2025 ஜூலையில் வந்த 'ஜுராசிக் வேர்ல்ட்: ரீபர்த்' பார்த்தேன். ஆற்றில் ரப்பர்ப் படகுக் காட்சி ஒன்று நன்றாக இருந்தது. மற்றது ஞாபகம் இல்லை, பார்த்து ஒரு வருடம்கூட ஆகவில்லை.

கே.எல்., சேலம்: சூப்பர் ஹீரோ படங்கள்?

கேசட் காலம் முடிந்த பிறகுதான் அவை பெருகின. எனக்கும் அவற்றுக்கும் கொடுக்கல் வாங்கல் இல்லை.

ஓய்வுபெற்ற தபால்காரர், புதுக்கோட்டை: சினிமா சரி. கோடையில் அங்கே டிவியில் என்ன போடுவார்கள்?

நீங்கள் கேட்டதுதான் நல்ல கேள்வி ஐயா. ரொம்ப வருடம் புதிதாக ஒன்றும் போடாமல்தான் இருந்தார்கள். அப்போதெல்லாம் செப்டம்பரில் ஆரம்பிக்கும் தொடர் மே, ஜூனில் ஒரு பெரிய முடிச்சோடு நிற்கும். கோடை முழுக்கப் பழைய எபிசோடு. ஜனங்கள் வெளியூர் போயிருப்பார்கள், யார் பார்ப்பது என்கிற கணக்கு.

'ஸ்டார் டிரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடரில், 1990 ஜூன் 18 அன்று, கேப்டனையே எதிரிகள் பிடித்துத் தங்களில் ஒருவராக மாற்றிவிடுகிறார்கள். அவர் நிற்கும் கப்பலைச் சுடச்சொல்லி துணைத் தலைவர் உத்தரவு கொடுக்கிறார். அவ்வளவுதான், 'தொடரும்'. அடுத்த பாகம் செப்டம்பர் 24. இடையில் 98 நாள். எனக்கு வந்த கேசட்டில் இரண்டு பாகமும் ஒட்டியே இருந்தது. ஒரு நாடே மூன்று மாதம் நகம் கடித்த இடத்தை நான் டீ ஆறுவதற்குள் தாண்டிவிட்டேன். இன்றைக்கும் அதை நினைத்தால் ஏதோ களவாடிய மாதிரி இருக்கிறது.

கோடையில் பார்க்க ஒன்றே ஒன்று சொல்லுங்கள் என்றால், 'ட்விலைட் ஸோன்' தொடரில் 1961 நவம்பரில் வந்த 'மிட்நைட் சன்'. எழுதியவர் ராட் செர்லிங். மொத்தம் 156 எபிசோடில் 92 அவர் எழுதியது, மனிதர் எப்போது தூங்கினாரோ. கதை இதுதான்: பூமி பாதை தவறிச் சூரியனை நோக்கிப் போகிறது. ராத்திரியே கிடையாது. நியூயார்க்கில் ஒரு மாடி வீட்டில் ஓவியம் வரையும் பெண்ணும் வீட்டுக்கார அம்மாவும் மட்டும். தண்ணீர் ரேஷன். தெர்மாமீட்டர் உடைகிறது. சுவரில் மாட்டியிருக்கும் ஓவியத்தில் சாயம் உருகி வழிகிறது. 25 நிமிடம்தான். கடைசித் திருப்பத்தைச் சொல்ல மாட்டேன்.

அந்த கேசட் அமெரிக்காவிலிருந்து வந்தது. நம் டிவி வேறு முறை, அவர்கள் டேப் வேறு முறை. நம் பெட்டியில் போட்டால் கலர் போய்விடும், படம் மேலே மேலே உருண்டு ஓடும். இந்தத் தொடரில் போவதற்குக் கலரே இல்லை, கறுப்பு வெள்ளைதான். உருளுவதை நிறுத்த டிவிக்குப் பின்னால் ஒரு திருகு உண்டு. என் தம்பி பெட்டிக்குப் பின்னால் கையை விட்டுப் பிடித்துக்கொண்டே நின்றான். மே மாதம், மத்தியானம், ஓட்டு வீடு. அந்தப் பெண் வியர்த்துக் கிடக்கிறாள், நாங்களும் கிடக்கிறோம். சாயம் உருகும் இடத்தில் கரண்ட் போய்விட்டது. மூன்று மணி நேரம் கழித்து வந்தது. அந்த மூன்று மணி நேரம் நாங்கள் இரண்டு பேரும் ஜன்னலைத் திறக்கவில்லை.

ஐ.டி. ஊழியர், சென்னை: 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' உங்களுக்குப் பிடிக்குமா? மொத்தமாக ஒரே நாளில் போடுவது சரியா, வாரம் ஒன்றாகப் போடுவது சரியா?

2016 ஜூலை 15-ல் எட்டு எபிசோடையும் ஒன்றாக விட்டார்கள். என் மகள்தான் போட்டுக் காட்டினாள். முதல் எபிசோடிலேயே பையன்கள் விளையாடும் நிலவறைச் சுவரில் நாய்ப் பட போஸ்டர்! இன்னொரு எபிசோடில் அவர்கள் அறிவியல் வாத்தியார் சனிக்கிழமை ராத்திரி அதே படத்தை வீட்டில் ஓட்டிக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்த பெண்ணுக்கு அந்தப் பூதத்தை எப்படிச் செய்தார்கள் என்று விளக்கிக்கொண்டிருக்கிறார். 1982-ல் யாரும் சீந்தாத படம். நான் கடையில் செய்துகொண்டிருந்த வேலையைத்தான் அந்த வாத்தியார் செய்கிறார். நாலாவது சீசனில் இரண்டு பேர் வீடியோ கடையில் வேலை பார்க்கிறார்கள். உலகத்தைக் காப்பாற்றும் கூட்டத்தில் கேசட் கடைக்காரன்! இதற்கு மேல் நான் நடுநிலையாகப் பதில் சொல்ல முடியாது.

மொத்தமாகப் போடுவதா என்றால், எனக்கு வாரம் ஒன்று. மொத்தமாகப் பார்த்தால் மறுநாள் ஆபீசில் பேச ஆள் கிடையாது. ஒருவர் மூன்றில் இருப்பார், ஒருவர் எட்டில். "சொல்லாதே, சொல்லாதே" என்று காதைப் பொத்துவார்.

2025 ஆகஸ்டில் வந்த 'ஏலியன்: எர்த்' தொடரை வாராவாரம் பார்த்தேன். எட்டு எபிசோடு, நோவா ஹாலி உருவாக்கியது. ஆட்டின் கண்ணைப் பிடுங்கிவிட்டு அந்தக் குழியில் குடியேறும் பல பாவை விழிப் பிராணி ஒன்று வருகிறது. அதைப் படைத்தவர் கையைப் பிடித்துக் குலுக்கத் தோன்றியது. ஆடு சும்மா நின்று பார்க்கும், அவ்வளவுதான். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் ஏலியனையே பட்டப்பகலில் புல்வெளியில் ஓடவிட்டு, ஒரு பெண் கூப்பிட்டால் வீட்டு நாய் மாதிரி வந்து நிற்க வைத்ததை நான் மன்னிக்கத் தயாரில்லை. 1979-ல் வந்த முதல் 'ஏலியன்' படத்தில் அந்த உடைக்குள் இருந்தவர் போலாஜி பாடேஜோ என்கிற நைஜீரிய மாணவர். ஏறக்குறைய ஏழடி உயரம். லண்டனில் ஒரு மதுக்கடையில் பார்த்துப் பிடித்து வந்தார்கள். முழுப் படத்தில் அவர் தெரிவது சில நிமிடம்தான். மிச்ச நேரம் எல்லாம் இருட்டும் குழாயும் சொட்டும் தண்ணீரும்.

என்.எஸ்., தஞ்சாவூர்: கடை என்ன ஆயிற்று? கேசட் எல்லாம் இருக்கிறதா?

2003-ல் மூடினேன். சிடி வந்ததும் வாடகைக்கு எடுக்க ஆள் இல்லை, விலைக்கே முப்பது ரூபாய்க்குக் கிடைத்தது. அந்த இடத்தில் முதலில் செல்போன் ரீசார்ஜ் கடை வந்தது, இப்போது பிரியாணி. கேசட் பெரும்பாலும் பூஞ்சை பிடித்துப் போயிற்று. நாற்பது மிஞ்சியிருக்கின்றன. நாய்ப் படம் இருக்கிறது, லேபிளோடு.

ஓட்டிப் பார்க்கத்தான் வழியில்லை. டெக்குக்குள் இருந்த ரப்பர் பெல்ட் போன கத்திரியில் இளகித் தார் மாதிரி சக்கரத்தில் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து இரண்டு நாள் துடைத்தேன், சக்கரம் சுத்தம். புது பெல்ட் வேண்டும். இரண்டு ஹெட் ஜப்பான் டெக், சதுர வெட்டுப் பெல்ட், விட்டம் ஏழு சென்டிமீட்டர். ரிச்சி தெருவில் நாலு கடை கேட்டாயிற்று. வாசகர்கள் யாராவது பழைய டெக்கை எடைக்குப் போடும் எண்ணத்தில் இருந்தால், போடுவதற்கு முன் ஒரு கார்டு எழுதுங்கள்.